இருபத்திரண்டு அங்குலச் சுவர்

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். காலையில் பெரியண்ணன் வீட்டாரோடு அப்பா, அம்மா கல்லறைக்குப் போனேன். மாலையில் சின்னண்ணன் வீட்டாரோடு மறுபடியும் போனேன். காலையில் வைத்த செவ்வந்தி மாலையைச் சின்னண்ணன் நகர்த்தவில்லை. அதற்குப் பக்கத்தில் தன் மாலையை வைத்தார். அணைந்துபோன மெழுகுவர்த்திகளை ஏற்றினார். பாகம் பிரிந்து ஒன்பது வருடமாக இப்படித்தான்.

கல்லறைத் தோட்டக் காவல்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா ரோசாலி, காலைல ஒரு ஷிஃப்டு, சாயந்தரம் ஒரு ஷிஃப்டா?"

நாளை முதல் அண்ணன்கள் இருக்கும் தெருவில் வீடுகளின் கணக்கெடுப்பு.

நவம்பர் 5, புதன்

புதுச்சேரியின் பழைய தெருக்களில் நூறு வயது தாண்டிய வீடுகளைப் பார்க்கிறோம். நிலம் நடுங்கினால் எது நிற்கும், எது விழும் என்பதற்கு ஒரு முதல் மதிப்பீடு. சுவரின் தடிமன், கூரையின் வகை, கதவு ஜன்னல் எத்தனை, விரிசல், ஒட்டிய வீட்டின் உயரம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கடைசியில் பச்சை, மஞ்சள் அல்லது சிவப்பு. பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் இருந்து விருப்ப ஓய்வு பெற்ற எனக்கு இது ஒப்பந்த வேலை. குழுத் தலைவி நிலோஃபர், என் வயதில் பாதி, என்னைவிட இரண்டு மடங்கு வேகம்.

சொந்தக்காரர் வீட்டுக்கு மதிப்பெண் போடக்கூடாது என்பது விதி. அதனால் 14-ஐயும் 14ஏ-வையும் நிலோஃபர் பார்த்தாள். நான் தெருவில் நின்றேன். அப்பா காலத்தில் ஒரே வீடு. பாகப்பிரிவினையில் நடுச்சுவரே எல்லையானது. 14-இல் பெரியண்ணன் தனிஸ்லாஸ், 14ஏ-யில் சின்னண்ணன் பெலிக்ஸ். இரண்டுக்கும் மஞ்சள்.

"மஞ்சள்னா என்ன பாப்பா, காமாலையா?" என்றார் பெரியண்ணன். எனக்கு ஐம்பத்தொன்பது வயது. அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"கவனமா பாத்துக்கணும்னு அர்த்தம்ணா."

"என்னையே யாரும் பாத்துக்கல. வீட்டப் பாத்துக்கறாங்களாம்."

முதல் மதிப்பீடு என்பதால் நிலோஃபர் உள்ளறைகளுக்குப் போகவில்லை. நடுச்சுவர் இருபத்திரண்டு அங்குலம். தெருவாசல் ஓரத்தில் அளந்தாள். 14ஏ-யிலும் தெருவாசல் ஓரத்தில் அளந்தாள். இருபத்திரண்டு.

நவம்பர் 8, சனி

எவெலின் பிரசவத்துக்கு வந்துவிட்டாள். பெரியண்ணனின் ஒரே மகள், எட்டாம் மாதம். நடுச்சுவரை ஒட்டிய அறையைக் கொடுத்திருக்கிறார்கள். அங்கேதான் குளிர்ச்சி. கட்டிலின் தலைமாட்டில் சுவர் அலமாரி. தான் ஓய்வு பெற்ற வருடம், எட்டு வருடத்துக்கு முன், பெரியண்ணன் சுவரைக் குடைந்து கட்டியது. ஆள் உயரம், ஆழம் ஒன்பது அங்குலம். ஜோஸ்பின் அண்ணியின் பீங்கான் தட்டுகளும் பெரியண்ணனின் கேடயங்களும் அதில்தான் இருக்கின்றன. அதைக் கட்டும்போது நான் போயிருந்தேன். "சின்னவனுக்குத் தெரிய வேணாம்" என்றார். சொல்லவில்லை.

ஒரு வீட்டுப் பேச்சை மறு வீட்டில் பேசுவதில்லை. இது என் வழக்கம். அதனால்தான் இரண்டு வீட்டிலும் எனக்கு ஒரு தட்டு இருக்கிறது.

அண்ணி வைத்த வஞ்சிரக் குழம்பு. எவெலின் இரண்டு முறை போட்டுக்கொண்டாள். சாப்பிடும்போது சொன்னாள்: "அத்தை, சித்தப்பா ராத்திரியெல்லாம் இருமுறாங்க. எனக்கு நல்லாக் கேக்குது. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

பெரியண்ணன் இன்னொரு துண்டு மீனை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

முற்றத்து வழியாகக் கேட்டிருக்கும்.

நவம்பர் 11, செவ்வாய்

சின்னண்ணன் வீடு. மாடியில் மூன்று அறையைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடப்போகிறார். பிரெஞ்சுக்காரர்கள் பழைய வீடு என்றால் மயங்குகிறார்கள் என்கிறார். ஒவ்வொரு அறைக்கும் குளியலறை வேண்டும். தண்ணீருக்கு மொட்டைமாடியில் பெரிய தொட்டி.

"எங்கண்ணா வைக்கிறீங்க?"

"நடுச்சுவர் மேலதான். அதான் பலமான இடம். உங்க ஆளுங்களே இருபத்திரண்டு அங்குலம்னு எழுதிட்டுப் போயிருக்காங்கல்ல."

அமலி அண்ணி கெபிக்கு முன்னால் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். மாதாவுக்கு அந்தக் கெபியைக் கட்டி ஆறு வருடம் இருக்கும். சுவரில் குகை மாதிரி வெட்டி, உள்ளே கடற்கல் பதித்து, சுருபத்துக்கு மேல் ஒரு நீல விளக்கு. அழகாகத்தான் இருக்கிறது. அதைக் கட்டியபோதும் அண்ணி சொன்ன பேச்சு ஒன்று உண்டு. "பெரியவருக்குத் தெரிய வேணாம் ரோசாலி. பொதுச்சுவர்ல கை வச்சான்னு கோர்ட்டுக்குப் போவாரு." பாகப் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது, நடுச்சுவரில் இருவரும் கை வைக்கக்கூடாது என்று.

சின்னண்ணனிடம் இருமலுக்கு மருந்து சாப்பிடச் சொன்னேன். "நான் இருமறேன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார். பேச்சை மாற்றினேன்.

நவம்பர் 13, வியாழன்

மழை. வேலை இல்லை. துணி காயவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பூசை முடிந்து எவெலினைப் பார்க்கப் போனேன். அலமாரிக்கு மேல், கூரைக்குக் கீழ், ஒரு விரிசல். முடி அளவுதான். அங்கேதான் தேக்கு உத்திரம் சுவரில் உட்காருகிறது. போன மாதம் இருந்ததா என்று நினைவில்லை. ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைக் குறுக்கே பசைபோட்டு ஒட்டினேன். சுவர் அசைந்தால் கண்ணாடி நீளாது, உடையும். ஓரத்தில் தேதி எழுதினேன்.

"என்ன அத்தை இது?"

"சும்மா."

"சும்மாவுக்கெல்லாம் தேதி போடுவாங்களா?"

பெரியண்ணன் எட்டிப் பார்த்தார். "உங்கத்தைக்குப் பழக்கம். எங்க விரிசல் பாத்தாலும் பிளாஸ்திரி போடுவா. மனுஷன் விரிசலுக்குத்தான் மருந்து கிடையாது."

முற்றத்துக் கதவு சாத்தியிருந்தது. இருமல் கேட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

தொட்டி ஏறிவிட்டது. இரண்டாயிரம் லிட்டர். மூங்கில் சாரத்தில் கயிறு கட்டி ஏற்றினார்கள், தெருவே வேடிக்கை பார்த்தது.

"கொஞ்சம் பொறுத்து வைக்கலாமேண்ணா" என்றேன்.

"ஏன்?"

"மழைக்காலம். சுவர் ஈரமா இருக்கும்."

"மழைக்காலத்துல தண்ணித் தொட்டி வைக்கக்கூடாதுன்னு எந்தப் பொறியியல் காலேஜ்ல சொல்லித் தர்றாங்க?"

சிரித்துவிட்டேன். வேறு காரணம் சொல்ல முடியாது. சொன்னால் அந்தப் பக்கத்து அலமாரியைச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 20, வியாழன்

எவெலின் அறைக்குத் திரைத்துணி வாங்கித் தருவதாகச் சொல்லி டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். தெருவாசலிலிருந்து அலமாரி வரைக்கும் அளந்தேன். பிறகு 14ஏ. கெபிக்குக் கிறிஸ்துமசுக்குப் புது ஜரிகைத்துணி போடலாம் என்றதும் அமலி அண்ணிக்குச் சந்தோஷம். அவளே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டும் ஒரே இடம்.

கெபியின் ஆழம் எட்டு அங்குலம். இருபத்திரண்டில் ஒன்பது போக பதின்மூன்று. பதின்மூன்றில் எட்டு போக ஐந்து. இரண்டு பக்கப் பூச்சையும் கழித்தால் ஒரு செங்கல்லின் அகலம்கூட இல்லை.

ஜரிகைத்துணிக்கு அரை மீட்டர் போதும்.

நவம்பர் 21, வெள்ளி

தேநீர்க் கடையில் நிலோஃபரிடம் கேட்டேன். "அந்த நடுச்சுவர் இருபத்திரண்டுங்கறது சரியா?"

"ரெண்டு வீட்லயும் அளந்தோமே மேடம்."

"ரெண்டு வீட்லயும் ஒரே சுவத்த, ஒரே முனைல அளந்தோம்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "ரெண்டு பக்கத்து உத்திரமும் அதுலதான் உக்காந்திருக்கு. நடுவுல எங்கயாவது குடைஞ்சிருக்காங்களா?"

"பாக்கணும்" என்றேன்.

"உங்க அண்ணன் வீடுதான மேடம். உங்களுக்குத் தெரியாதா?"

மழை பிடித்துக்கொண்டது. கிளம்பிவிட்டோம்.

நவம்பர் 22, சனி

பதினொரு மணிக்கு எவெலினோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தரை உறுமியது. பீங்கான் தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக் கிலுகிலுவென்றன. கூரையிலிருந்து காரை பொடியாக உதிர்ந்து எவெலின் தலைமயிரில் விழுந்தது. அவளைக் கைப்பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தேன். எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். மளிகைக் கடை முதலாளி "பூகம்பம்! பூகம்பம்!" என்று கத்திக்கொண்டே கல்லாப் பெட்டியோடு நின்றார்.

பூகம்பம் இல்லை. சின்னண்ணன் வீட்டுக் குளியலறைக்கு மணல் ஏற்றி வந்த லாரி பின்பக்கமாக வந்து, வாய்க்கால் மேல் போட்டிருந்த பலகைக்கல்லில் தடாலென்று இறங்கியிருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "என்னங்க எல்லாரும் வரவேற்பு குடுக்கறீங்க?"

தெருவே சிரித்தது. இரண்டாயிரத்து ஒன்றில் கடலுக்குள் நடுங்கியபோது இந்த முதலாளி லுங்கி இல்லாமல் ஓடிய கதையை யாரோ எடுத்துவிட்டார்கள். எவெலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். கண்ணாடி உடைந்திருந்தது. நடுவில் இரண்டாக.

ஒரு மணல் லாரிக்கு.

எவெலினை என் ஃபிளாட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்றேன், ஆஸ்பத்திரி அங்கிருந்து பக்கம் என்று. பெரியண்ணனுக்குக் கோபம். "தலைப்பிரசவம் அப்பன் வீட்ல நடக்கும். உன் வீட்ல என்ன, எம் பொண்ணு அனாதையா?" கடைசியில், கொசு அதிகமாக இருக்கிறது, முன்னறையில் படு என்று மட்டும் எவெலினிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். தலையணையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

நவம்பர் 23, ஞாயிறு

பூசைக்குப் போகும் வழியில் எவெலின் போன் செய்தாள். "முன்னறையிலதான் தூங்கினேன் அத்தை. நல்ல தூக்கம். என் கட்டில்ல அப்பா படுத்துக்கிட்டாங்க."

பூசையில் என்ன வாசகம் என்று நினைவில்லை.

நவம்பர் 24, திங்கள்

காலையில் நிலோஃபருக்குப் போன் செய்து துளைபோடும் இயந்திரத்தோடு வரச் சொன்னேன். பிறகு 14-க்குப் போனேன். பெரியண்ணன் சவரம் செய்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"அண்ணா, அலமாரிக்குப் பின்னால அந்தப் பக்கம் கெபி இருக்கு. அவங்களும் குடைஞ்சிருக்காங்க. அதே இடத்துல."

ஒரு கன்னம் முழுக்க நுரையோடு திரும்பினார். "சுவத்துல கை வச்சானா அவன்?"

"நீங்களும் வச்சிருக்கீங்களே."

"என்னோடது அலமாரி!"

"சுவத்துக்கு அது தெரியாதுண்ணா."

"உனக்கு எப்பத்துலருந்து தெரியும்?"

ஜோஸ்பின் அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். பெரியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். வக்கீலுக்குப் போன் செய்யப்போவதாகச் சொன்னார். பிறகு நான் பொய் சொல்வதாகச் சொன்னார். பத்து அங்குலத்துக்குக் குறையாது, துளை போட்டுப் பார், அவன் எவ்வளவு குடைந்தான் என்று அளவோடு எழுதி வாங்கிக்கொள்கிறேன் என்றார். எவெலினைத் தெருவில் எதிர்வீட்டு நாற்காலியில் உட்காரவைத்தேன். அண்ணியும் நானும் பீங்கான் தட்டுகளை எடுத்து முற்றத்தில் அடுக்கினோம்.

நிலோஃபர் துளையாணியில் பத்து அங்குலத்தில் சிவப்பு நாடா சுற்றினாள். அலமாரியின் பின்சுவரில் மெதுவாக, சுவர் அதிராமல் துளைத்தாள். முதலில் வெள்ளைப் பொடி வந்தது, பிறகு செங்கல் பொடி, மறுபடி வெள்ளை. நாடா வரையிலான நீளத்தில் பாதிக்குமேல் இன்னும் வெளியே இருக்கும்போதே இயந்திரம் சடாரென்று முன்னால் போனது. நிறுத்தி, இழுத்தாள்.

துளையில் நீல வெளிச்சம் தெரிந்தது.

அந்தப் பக்கம் ஏதோ உருண்டது. பிறகு சின்னண்ணனின் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல் அத்தனை தெளிவாக:

"யார்றா அது? மாதா மேல மண்ணு கொட்டுது!"

பெரியண்ணன் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இந்தமுறை நான் நடுவில் பேசுவதாக இல்லை. அவர் குனிந்து துளைக்கு நேராக வாயை வைத்தார்.

"நான்தான்டா."

அந்தப் பக்கமிருந்து இருமல் வந்தது. பிறகு, "அண்ணனா?"

"மேல தொட்டில தண்ணி இருக்கா?"

"காலைலதான் நெறச்சேன். ஏன்?"

"தெறந்து விட்றா. மொத்தமும். உன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுத் தெருவுக்கு வா. ஒரு சாமானும் எடுக்காத. நாங்களும் வர்றோம்."

"என்னாச்சு?"

"வாடா வெளிய!"

வந்தார். சட்டை போடாமல் வந்தார். வானத்தில் மேகமே இல்லை. மொட்டைமாடித் தூம்பிலிருந்து தண்ணீர் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தது. மளிகைக் கடை முதலாளி கையை நீட்டிப் பார்த்தார். "மழையே இல்ல, எங்கருந்துய்யா இது?" அண்ணன்கள் இருவரும் தண்ணீரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டி நனைந்தது. யாரும் நகரவில்லை. தண்ணீர் நிற்க வெகுநேரம் ஆனது.

நவம்பர் 25, செவ்வாய்

இரண்டு பக்கமும் உத்திரங்களுக்கு இரும்பு முட்டுக் கொடுத்தாகிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் சிவப்பு. குடைந்த இடத்தைச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கட்டி வர வேண்டும், ஒரு பக்கம் மட்டும் கட்டினால் பிடிக்காது என்று நிலோஃபர் விளக்கினாள். அதுவரை யாரும் அங்கே தங்கக்கூடாது. எவெலினும் ஜோஸ்பின் அண்ணியும் என் ஃபிளாட்டில். பெரியண்ணன் என் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டார். சின்னண்ணனும் அமலி அண்ணியும் அவள் தம்பி வீட்டில்.

அளவெடுக்க மதியம் இருவரும் அவரவர் பக்கத்துக்கு வந்தார்கள். துளை வழியாகவே சண்டை.

"நீதான் மொதல்ல குடைஞ்ச!"

"நான் குடைஞ்சப்ப பதிமூணு அங்குலம் விட்டேன்டா! நீ மிச்சத்தத் தின்ன!"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னியா?"

"நீ சொன்னியா?"

அந்தப் பக்கம் இருமல்.

"ரெண்டு பேர் வீட்லயும் சோறு தின்னவளுக்குத் தெரியும்" என்றார் சின்னண்ணன்.

"ஆமா, அவளுக்குத் தெரியும்" என்றார் பெரியண்ணன். ஒன்பது வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம்.

இன்று இரண்டு வீட்டாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. கடையில் இரண்டு இட்லி.

டிசம்பர் 3, புதன்

சுவர் வேலை தொடங்கியது. இரண்டு கொத்தனார்கள், பக்கத்துக்கு ஒருவர். ஒரு வரிசை முடிந்ததும் துளை வழியாக "ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டு அடுத்த வரிசை வைக்கிறார்கள். மாதா சுருபம் தற்காலிகமாக என் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. அமலி அண்ணி வந்து வைத்துவிட்டுப் போனாள். உட்காரவில்லை. ஜரிகைத்துணி வாங்கினாயா என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

எவெலினுக்குப் பெண் குழந்தை. கொஞ்சம் முன்கூட்டியே. இரண்டு பேரும் நலம்.

அண்ணன்கள் ஒரே ஆட்டோவில் வரவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் வந்தார்கள். சின்னண்ணன் குழந்தையை வாங்கப் போனார், இருமல் வந்தது, கையை இழுத்துக்கொண்டார். "மொதல்ல டாக்டர்கிட்ட காட்டு" என்றார் பெரியண்ணன். அவரே கீழே வரிசையில் நின்று சீட்டு வாங்கி வந்தார்.

என்னிடம் இருவரும் இன்னும் சரியாகப் பேசவில்லை. ஜோஸ்பின் அண்ணி மட்டும் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள்.

டிசம்பர் 15, திங்கள்

விதியை மாற்றினோம். நடுச்சுவர் பொதுவாக இருந்தால் இரண்டு வீட்டையும் ஒரே நாளில், இரண்டு பக்கமும், முனையிலிருந்து முனை வரை தட்டிப் பார்க்க வேண்டும். முடித்த தெருக்களை எல்லாம் மறுபடி தொடங்க வேண்டும். பாகம் பிரித்த வீடு இல்லாத தெரு இந்த ஊரில் இல்லை. நிலோஃபர் வரைபடத்தில் அவற்றைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே வந்தாள். பென்சில் ஓயவில்லை.

அடுத்த தெருவில் முதல் வீடு. கதவைத் திறந்த அம்மாள் உள்ளே அழைத்து, சுவரோரம் நாற்காலி போட்டாள். நல்ல தடித்த சுவர். நடுவில் தொலைக்காட்சிக்கு ஒரு குழிவு, அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பூசை மாடம். பின்னால் எங்கோ, தெளிவாக, ஒரு குழந்தை வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுப் பிள்ளையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. பக்கத்து வீடு."

"இதே சுவருக்கு அந்தப் பக்கம் என்ன கட்டியிருக்காங்க?"

அந்த அம்மாள் முகம் இறுகியது.

"எங்களுக்கு எப்படிங்க தெரியும்? அவங்களோட எங்களுக்குப் பேச்சு வார்த்தை இல்லீங்களே."